மூன்று விரல் சந்து

ஓய்வுக்குப் பிறகும் அரசாங்கம் என்னை விடவில்லை. பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இன்ஜினியர்கள் குறைவு. எங்கள் தீவின் பாம்பூஃப்ளாட் கரையில் புதிதாகக் கட்டிய பவள ஆய்வுக்கூடத்தில், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்காக ஒரு கான்கிரீட் மேடை. தன் சொந்த அஸ்திவாரத்தில் நின்று, சுற்றிலும் மூன்று விரல் அகலச் சந்து விட்டு, அது கட்டடத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். தொட்டால் கட்டடத்தின் நடுக்கம் அதற்கும் தொற்றும். நிலநடுக்கத் தீவில் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கம்பி கட்டியே பிழைத்த எனக்கு, எதையும் தொடாத ஒன்று கொஞ்சம் அநாகரிகமாகப் பட்டது.

சோதனைக்கு மெயின்லேண்டிலிருந்து கம்பெனிக்காரர் வந்தார். மேடை தேறாவிட்டால் மைக்ராஸ்கோப் பெட்டியைப் பிரிக்காமலேயே கப்பலில் திருப்பி அனுப்பிவிடுவார். ஆய்வுக்கூடத்து விஞ்ஞானி அம்மா அந்தப் பெட்டிக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்.

மேடைமேல் அதிர்வுமானியை வைத்தோம். திரையில் கோடு துள்ளியது.

"ஃபெரிதான் சார்," என்றார் மேடையைக் கட்டிய மேஸ்திரி.

துறையில் நின்ற சாத்தம் ஃபெரி படகு கிளம்பிப் போயிற்று. கோடு அடங்கவில்லை. அடுத்த அறை ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னேன், அடங்கியது. அப்படியானால் நடுக்கம் கட்டடத் தரை வழியாக மேடைக்கு வருகிறது. குனிந்து பார்த்தால் சந்தைக் காணோம். வழவழவென்று சிமென்ட் பூசியிருந்தது.

"எங்கய்யா சந்து?"

"அடைச்சிட்டேன் சார். அவ்ளோ பெரிய சந்துல பூரான் வந்து குடும்பம் நடத்தும். மேடம் பாவம், செருப்பில்லாம உக்காருவாங்க."

"டிராயிங்ல என்ன போட்ருக்கு?"

"டிராயிங் போட்டவரு மெயின்லேண்டு. நம்ம ஊரு பூரானப் பத்தி அவருக்கு க்யா மாலூம்?"

விஞ்ஞானி சிரிக்கவில்லை. "உடைங்கண்ணே. பூரான நான் பாத்துக்கறேன்."

சாயங்காலத்துக்குள் கொத்திச் சுரண்டிச் சந்தை மீட்டார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டே அளந்தோம். துள்ளல் போய்விட்டது. ஆனால் கோடு மெல்ல ஏறி, மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"இது எந்த மெஷின்?" என்றேன்.

"கடல் சார்," என்றார் விஞ்ஞானி. "அலை அடிக்கிறது நிலத்துக்குள்ள வருது. எப்பவும் இருக்கும்."

"இது பரவால்ல, வரம்புக்குள்ளதான்," என்று கம்பெனிக்காரர் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார்.

எத்தனை கட்டடங்களுக்கு இந்தத் தரை சும்மா கிடக்கிறது என்று கணக்குப் போட்டிருக்கிறேன்! அது ஒரு நாளும் சும்மா கிடந்ததில்லை. இதை நிறுத்தச் சொல்லி எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்று, பழக்கதோஷத்தில் ஒரு கணம் யோசித்தேன். பிறகு மேடையில் உள்ளங்கையை வைத்தேன். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. திரையில் தீவு முழுவதும் ஏறியது, இறங்கியது.

பின்னால் பெட்டியின் ஆணிகள் கிறீச்சிட்டன.

"கைய எடுங்க சார்," என்றார் மேஸ்திரி. "அத எதுவும் தொடக்கூடாதாம்."