இன்னும் ஒரே ஒரு தண்ணி

கதிரிலிருந்து ஒரு நெல்லை உருவி, உமியோடு முன்பல்லில் வைத்துக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வரப்பில் நிற்பார். அறியாதவர்கள் பல்வலி என்று நினைத்துக்கொள்வார்கள். பிறகு உமியைத் துப்பிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இன்னும் ஒரே ஒரு தண்ணி விட்டா கல்லு மாதிரி நிக்கும்" என்பார். வயலை வடியவிட்டு, மண்ணைக் காயப்போட்டு, அறுவடை மெஷினுக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களில்தான் அவருக்கு இந்த யோசனை உதிக்கும். அக்கம்பக்கத்து விவசாயிகள் அவருக்கு 'ஒருதண்ணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டால் அவரும் சங்கடப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

ஒருதண்ணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நெட்டையான ஆள். காக்கி அரைக்கால் சட்டையின் இரண்டு பைகளிலும் பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாகக் கிழித்துச் சுருட்டி வைத்திருப்பார். உலகத்தில் எது அறுந்தாலும், எது ஒழுகினாலும், எது ஆடினாலும் அந்த நாடாவால் ஒரு கட்டுப் போடுவார். வீட்டில் குடைக்காம்பு, வாளியின் கைப்பிடி, அவருடைய மூக்குக்கண்ணாடி எல்லாம் அந்தக் கட்டில்தான் உயிர் பிழைத்திருக்கின்றன. வயலிலிருந்து வந்ததும் மண்வெட்டியைத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, மூலையில் சாத்துவார். காலை மட்டும் கழுவ மாட்டார். வாசலிலிருந்து குடிதண்ணீர்க் குடம் வரைக்கும் சேற்றுத் தடம் ஒன்று போகும், அப்படியே திரும்பி வரும். மனைவி கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "மண்வெட்டி துருப்பிடிக்கும். காலு துருப்பிடிக்குமா?" துடைக்கிற துணியோடு குனிந்திருப்பவளுக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வராது.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பது அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரு வருடம், நாலு பேர் சொன்னார்கள் என்று மடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டார். அந்த வருடம் வெயிலும் கூடுதலாக அடித்தது. அறுத்துத் தூற்றிப் பார்த்தால் முக்கால்வாசி சாவி. உமி இருக்கிறது, உள்ளே அரிசி இல்லை. சொந்த வயலை வைத்துக்கொண்டு அடுத்த அறுப்பு வரைக்கும் கடையில் அரிசி வாங்கித் தின்றார்கள். அந்த அவமானம் அவருடைய பல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. சரி, காரணம் தெரிந்து என்ன செய்வது? தெரிந்துவிட்டால் சேறு காய்ந்துவிடுமா?

அவர்களுக்கு வயல் இரண்டு. மேட்டு வயல் விற்பதற்கு, பள்ள வயல் சாப்பாட்டுக்கும் விதைக்கும். போன வருடம் பள்ள வயலுக்கு அந்த ஒரே ஒரு தண்ணியைக் காட்டியதில், மெஷின் வரப்போடு நின்று திரும்பிப் போய்விட்டது. பின்னாலேயே மழை. சாய்ந்த கதிர்கள் சேற்றிலேயே முளைவிட்டன. இருவரும் முழங்கால் சேற்றில் குனிந்து அரிவாளால் அறுத்துக் கரை சேர்த்தது கோழித் தீவனத்துக்குத்தான் ஆயிற்று. அவளுக்கு இடுப்பு வலி இன்னும் விட்டபாடில்லை.

அதனால் இந்த வருடம் அவள் கறாராகச் சொல்லிவிட்டாள். பள்ள வயல் மறுபடியும் கைவிட்டுப் போனால், அதைத் தன் தம்பியிடம் ஒப்படைத்துவிடுவதாகவும், அதற்கப்புறம் அவர் அந்த வரப்பிலேயே கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னாள். மனுஷர் பயந்துதான் போனார். அவள் கண் முன்னாலேயே மடைப்பலகையை இறக்கி, ஓரமெல்லாம் களிமண்ணை அப்பி, "இனிமே தண்ணிங்கற பேச்சே என் வாயில வராது" என்று சத்தியம் செய்தார். இரண்டு நாள் குடிக்கிற தண்ணீரைக்கூடச் சைகை காட்டித்தான் கேட்டார். அவளும் நம்பினாள். நம்பியதுதான் அவள் செய்த தப்பு.

அறுவடையன்று காலையிலேயே வானம் மூடிக்கொண்டு நின்றது. மெஷின் அவளுடைய தம்பியுடையது. டயருக்குப் பதிலாகச் செயின் போட்ட பழைய வண்டி. அவனே வாங்கி, அவனே ஓட்டி, அவனே திட்டுகிற வண்டி. பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டு வேறு வயலுக்குப் போக வேண்டும், அங்கேயும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்று வந்ததுமே சொல்லிவிட்டான். மேட்டு வயலில் முதல் சுற்றிலேயே பெல்ட் அறுந்தது. மாற்று பெல்ட்டை எடுக்க அவன் இறங்குவதற்குள் ஒருதண்ணி பையிலிருந்து டியூபை உருவிக் கட்டிவிட்டார். அடுத்த திருப்பத்தில் அந்த டியூப் பறந்து வந்து அவருடைய தொப்பியையே தட்டிவிட்டது. பெல்ட்டை மாற்றினால் கத்தியில் கல் சிக்கியது. கல்லை எடுத்தால் பேரிங் சூடேறிப் புகைந்தது. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. அதைப் பிரித்து எறிந்துவிட்டுச் சரியான வைத்தியம் பார்ப்பதிலேயே தம்பிக்கு மத்தியானம் கழிந்தது.

"மாமா, நீங்க அந்த மரத்தடியில சும்மா உக்காந்தாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றான் அவன்.

"அது எப்படி மாப்ள, உன்னைத் தனியா விட்டுட்டு நான் உக்கார முடியுமா?" என்றார் அவர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் பெரிய கஷ்டம்.

பள்ள வயலில் இறங்கிய மெஷின் பாதி வயலை ஒழுங்காகவே அறுத்தது. மடைக்கு நேரே வந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்து, செயின் முழுக்கப் புதைய நின்றுவிட்டது. வேகத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் கீழே போனதே தவிர நகரவில்லை. தம்பி இன்ஜினை அணைத்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அக்கா புருஷனைப் பார்த்தாள். புருஷன் வானத்தைப் பார்த்தார்.

"அடியில ஊத்து இருக்கும் போல" என்றார்.

அவள் குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளினாள். பழைய சேறு கறுத்து, நாறும். இது நாறவில்லை. வாய்க்கால் வண்டல் மேலே மெல்லிசாகப் படிந்து, இன்னும் ஈரம் மினுங்கியது. ஊற்றுக்கு ஏது வண்டல்? அவளுக்கு ஆத்திரத்தில் காது அடைத்தது. இப்போது கேட்டால் பேச்சுதான் வளரும், வேலை ஆகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்து வயல்காரரின் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது. அதை ஒருதண்ணி டியூபால் முடிந்தார், மறுபடியும் அறுந்தது. தன் டிராக்டரும் மாட்டிக்கொள்ளுமோ என்று பயந்து, பக்கத்து வயல்காரர் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். செயினுக்கு அடியில் கொடுக்க அகலமான பலகை ஒன்று கிடைத்தால் ஏறிவிடும் என்றான் தம்பி. கட்டில் பலகையைக் கழற்றிவர அவள் வீட்டைப் பார்த்து ஓடினாள். பாதி வழியில் இன்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், மெஷின் ஆடி அசைந்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. அவர் பக்கத்தில் நின்று இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருக்கிறார். அன்று முதல்தடவையாக அவளுக்கு மனசு லேசானது. எங்கிருந்தோ ஒரு பலகையைக் கொண்டுவந்துவிட்டாரே, கெட்டிக்காரர்தான் என்றுகூட நினைத்துவிட்டாள்.

வந்து பார்த்தால், பலகை இரண்டாகப் பிளந்து சேற்றில் கிடந்தது. கறுத்து, பாசி பிடித்து, ஓரத்தில் கைப்பிடிக்கான ஓட்டையோடு கிடந்தது.

"இதை எங்கேருந்து எடுத்தீங்க?"

"இங்கதான், பக்கத்துல..." என்று ஆரம்பித்தவர், தான் சொல்லப்போவது அப்போதுதான் தனக்கே உறைத்து வாயை மூடிக்கொண்டார்.

மடைப்பலகையைத்தான் பிடுங்கி வந்திருந்தார். மடை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. வாய்க்கால் தண்ணீர் கலகலவென்று அறுக்காத பாதிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்பார்கள். ஆனால் ஓர் ஆபத்திலிருந்து தப்பிக்க இன்னோர் ஆபத்தைக் கையோடு பிடுங்கிக்கொண்டு வருகிறவரை என்ன சொல்வது? கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் அவள் அங்கேயே கொட்ட ஆரம்பித்தாள். டியூபில் தொடங்கி, சேற்றுக் கால், ஊத்து, சத்தியம் என்று வரிசையாக வந்தபோது எதிரே ஆளைக் காணோம். அவர் மடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

மண்ணை வெட்டிப் போட்டார்; கரைந்து போனது. காலிச் சாக்கைச் சுருட்டி அடைத்தார். தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் வேறு வழி தெரியாமல், வாய்க்காலுக்கு முதுகைக் காட்டி மடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கக் கல்லையும் கைகளால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓடிய தண்ணீர் அவருடைய முதுகில் மோதி நின்றது. இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் மட்டும் கசிந்துகொண்டிருந்தது.

"மாப்ள, நீ ஓட்டு" என்று அங்கிருந்தே கத்தினார். தம்பி மடைப் பக்கத்தை விட்டு விலகி, காய்ந்த ஓரமாக மெஷினைத் திருப்பினான்.

அவள் எதிரே போய் நின்றபோது அவருக்குக் குளிரில் தாடை ஆடிக்கொண்டிருந்தது. தூறல் ஒன்றிரண்டு விழ ஆரம்பித்திருந்தது. மெஷின் பின்னால் சுற்றி வந்துகொண்டிருந்தது. நின்றிருந்த கதிர் சுற்றுக்குச் சுற்றுக் குறைந்தது.

"சத்தியம் பண்ணதுக்கு அப்புறம் ஒரே ஒரு நாள்..." என்று இழுத்தார். "விடியக்காலையில. பலகையை ரெண்டு விரக்கடைதான் தூக்கினேன்."

"தெரியும்."

"வயலைத் தம்பிகிட்ட குடுத்துடுவியா?"

அவள் குனிந்தாள். மெஷினில் சிக்காமல் வரப்போரம் சாய்ந்து கிடந்த கதிர் ஒன்றை எடுத்தாள். ஒரு நெல்லை உருவித் தன் முன்பல்லில் வைத்துக் கடித்தாள். நறுக்கென்று உடைந்தது. உமிக்குள் இம்மி இடம் இல்லாமல் அரிசி நிறைந்திருந்தது. போன வருடத்துக் கோழித் தீவனம், இடுப்பு வலி, சற்று முன்பு பாதியில் நின்ற வசவு எல்லாம் அவளுக்குத் தொண்டைவரை வந்து நின்றன. உண்மையைச் சொன்னால் அடுத்த வருடம் இரண்டு தண்ணி நிச்சயம். சொல்லாமல் விடலாம் என்றால், பாவி மனுஷன் மடைக்குள் உட்கார்ந்துகொண்டு, அவள் பல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"வாயைத் திறங்க" என்றாள்.

திட்டு வரப்போகிறது என்று நினைத்து அவர் பேந்தப் பேந்த விழித்தபடி வாயைத் திறந்தார். அவள் இன்னொரு நெல்லை உருவி அவருடைய முன்பல்லுக்கு நடுவில் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். கண்ணைத் திறந்து அவர் ஏதோ சொல்லப்போவதற்குள், "ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தண்ணீர் கசிகிற பக்கமாக அவளும் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.