விரியாத குண்டு

பக்கத்து வீட்டு வெர்லீன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கென்டக்கியின் இந்த மலை வளைவுகளில், சாலை உறைந்த காலையிலும் அவள் ஓட்டி ஒரு பிள்ளைக்குக்கூடக் கீறல் பட்டதில்லை. அப்பேர்ப்பட்டவள் வீட்டில் இப்படி நடந்ததென்றால், எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

புருஷன் செத்த பிறகு யாரோ கொட்டகையை உடைத்துத் திருடினார்கள். துப்பாக்கி அவளிடம் முன்பே உண்டு, குண்டைத்தான் மாற்றினாள். மூக்கில் குழி வைத்த குண்டு. உடம்பில் பட்டால் பூவாக விரிந்து அங்கேயே தங்கிவிடுமாம்.

"மெல்லிசுச் சுவரு, அக்கா. அந்தப்பக்கம் மருமக ட்ரேசியும் கைக்குழந்தையும் படுக்கறாங்க. அதுக்குத்தான் இது. என் வீட்டுக்காரரு மாதிரி இல்ல, சொன்ன இடத்துல நிக்கும்" என்று சிரித்தாள்.

போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்து, துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தாள். தோட்டா அடுக்கைக் கழற்றினாள். குழலில் ஒன்று ஏறி நின்றதை மறந்துவிட்டாள். நான் எதிரே சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். விசையை இழுத்தாள், வெடித்தது. காது அடைத்துப்போயிற்று. சுவரில் விரல் நுழையும் ஓட்டை. அந்தப் பக்கம் குழந்தை ஜூனி தூங்குகிறாள்!

வெர்லீன் துப்பாக்கியை மேசையில் வைத்தாள். "சுவத்துக்குள்ளயே நின்னிருக்கும். நீ போய்ப் பாருக்கா, நின்னிருக்கும்."

கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ட்ரேசி எனக்கு முன்னால் ஓடினாள். ஜூனி வீறிட்டு அழுதாள். ஆண்டவரே, அழுகிறாளே! மேலில் காயம் இல்லை. தொட்டில் கம்பி ஒன்று ஒடிந்திருந்தது. குண்டு எதிர்ச்சுவரின் கட்டையில் புதைந்திருந்தது.

கத்தியால் நெம்பி எடுத்தோம். பூவுமில்லை, இதழுமில்லை. குழி நிறையச் சுவரின் வெள்ளை மாவு அடைத்திருந்தது. அடைத்துக்கொண்டால் எப்படி விரியும்? சாதாரணக் குண்டாகவே பாய்ந்திருக்கிறது.

"விரியும்னீங்களே, அத்தே?"

"உடம்புல பட்டாத்தான்டி விரியும்..." என்றவள் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

ட்ரேசி அப்போதே குழந்தையைக் காரில் வைத்தாள். "எங்கம்மா வீட்டுக்குப் போறேன். துப்பாக்கி இருக்கற வீட்டுக்கு இவ வரமாட்டா. துப்பாக்கியா, இவளா, எது வேணும்னு சொல்லியனுப்புங்க."

"தனியா இருக்கற பொம்பள, அக்கா. திருடன் வந்தா என்ன பண்ணுவேன்?" என்று வெர்லீன் என்னைக் கேட்கிறாள்.

"இதுல யோசிக்க என்னடி இருக்கு?" என்று நானும் தினம் வேலியோரம் நின்று கத்துகிறேன்.

இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.