காந்த அறைக்குள் நான் கொண்டுபோன ஊக்குகள்

தொண்ணூறுகளின் பிற்பாதியில் டெல்லியில் நடந்தது இது. அப்போது நாங்கள் ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். கணவருக்கு மத்திய அரசில் குமாஸ்தா வேலை. நான் வேறொரு அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்புவோம். குளிர்காலம் வந்துவிட்டால் மதியச் சாப்பாடு அலுவலகப் புல்வெளியில்தான். ஒருத்தி ஸ்வெட்டர் பின்னுவாள், ஒருத்தி பட்டாணி உரிப்பாள், ஆரஞ்சுத் தோல் வாசனையோடு எல்லார் வீட்டுக் கதையும் ஓடும். அந்த வெயிலுக்கு இன்றைக்கும் மனம் ஏங்குகிறது.

அந்த வருடம் என் இடது காதில் ஒரு சத்தம் ஆரம்பித்தது. குக்கரில் ஆவி அடங்கும்போது வருமே, அந்த மாதிரி ஓயாத 'ஸ்ஸ்ஸ்'. பிறகு ஒரு நாள் அலுவலகத்தில் டெலிபோன் போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அறையே சுழன்றது. மேசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். குடியிருப்பில் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் "பித்தம்" என்றார்கள். நானும் இஞ்சிச் சாறாகக் குடித்துத் தள்ளினேன். மார்க்கெட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் தக்காளிக் கூடைமேலேயே விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

காது டாக்டர் ஒரு தாளில் நத்தை மாதிரி வரைந்து காட்டினார். உள்காதில் இருக்கும் அதற்குள் நீரின் அழுத்தம் கூடினால் இப்படித் தலை சுற்றும், மாத்திரையில் சமாளிக்கலாம் என்றார். ஆனால் காது நரம்பில் கட்டி இருந்தாலும் இதே மாதிரிதான் வருமாம். அது இல்லை என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம். கட்டி என்றால் ஆபரேஷன், அந்தக் காது போனாலும் போகலாம். வலது கையால் குறிப்பெழுதி, இடது காதால் கேட்டே பிழைத்தவள் நான். எனக்குச் சோறு போட்ட காது அது. ஸ்கேனுக்குத் தேதி கிடைக்க இரண்டு மாதம் காத்திருந்தோம். அந்த இரண்டு மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

அன்று காலையில் கணவர் படித்துப் படித்துச் சொன்னார்.

"இந்தா, கழுத்துல கெடக்கறதையும் கழட்டி வீட்லயே வெச்சிட்டு வா. அங்க ஒரு குண்டூசிகூட ஆகாதாம்ல."

"எல்லாம் எனக்குத் தெரியுங்க" என்றேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம், ஒரு நாளும் தாலியைக் கழற்றியதில்லை. கட்டி இருக்கிறதா இல்லையா என்று தெரியப்போகிற நாளிலா கழற்றுவது என்று எனக்குப் பயம். போதாததற்கு, தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்த அறிவியல் வேறு. வளையல், தோடு, மூக்குத்தி, மெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் கணவரிடம் கொடுத்தேன். அவர்கள் கொடுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு, தாலிச் சங்கிலியை மட்டும் உள்ளே தள்ளிக் கழுத்து நாடாவை இறுக்கிக் கட்டினேன். படிவத்தில் 'உடம்பில் உலோகம் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஸ்கேன் எடுப்பவர் ஒரு சர்தார்ஜி. என் தம்பி வயதுதான் இருக்கும். "பெஹன்ஜி, ஒண்ணும் இல்லையே?" என்று அக்கா முறை வைத்து இந்தியில் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் "குச் நஹீன்", ஒன்றுமில்லை என்றேன்.

என் புத்திசாலித்தனத்தில் ஒன்றை மறந்துபோனேன். நம் ஊர்ப் பெண்களுக்குத் தாலிச் சங்கிலிதானே ஊக்கு மாட்டும் கொக்கி! அலுவலகத்தில் யாருக்குச் செருப்பு வார் அறுந்தாலும், பையின் ஜிப் பிய்ந்தாலும் என்னிடம்தான் ஓடி வருவார்கள். அன்றும் என் சங்கிலியில் நான்கு ஊக்குகள் தொங்கின. நான்கும் அசல் இரும்பு.

தலையைச் சுற்றி ஒரு கூண்டு மாட்டினார்கள். பலகை மெதுவாக உள்ளே நகர்ந்தது. திடீரென்று அங்கிக்குள் ஏதோ ஊர்ந்தது. தாலி தானாக எழுந்து, கழுத்து நாடாவை நெம்பிக்கொண்டு முகவாயைத் தாண்டி வந்தது. சங்கிலி பின்கழுத்தை அறுத்தது. ஒரு பழைய ஊக்கு வாய் திறந்து, விருட்டென்று கன்னத்தைக் கீறிக்கொண்டு பறந்தது. நான் போட்ட சத்தத்தில் பலகை அப்படியே நின்று வெளியே வந்தது.

அந்த சர்தார்ஜி ஓடிவந்து சங்கிலியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பஞ்சைக் கன்னத்தில் வைத்தார். கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே கீறல். அதற்குள் பொறுப்பிலிருந்த டாக்டரம்மா வந்துவிட்டார். வந்தவர் என்னைத் திட்டவில்லை, அவரைத்தான் திட்டினார்.

"சோதிக்காம எப்படி உள்ள விட்டீங்க? கண்ணு போயிருந்தா யார் பதில் சொல்றது? ரிஜிஸ்டர்ல எழுதுங்க. இவங்களுக்கு வேற தேதி குடுத்து அனுப்புங்க."

சர்தார்ஜி என்னை ஒரு முறை பார்த்தார். நான் மூன்று முறை பொய் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"என் தப்புதான் மேடம். நான் சோதிச்சிருக்கணும். சாப்பாட்டு நேரத்துல இவங்க ஸ்கேனை எடுத்துடறேன், அடுத்த பேஷண்டுக்குத் தாமதமாகாது" என்றார்.

டாக்டரம்மா முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களே, இன்னும் இரண்டு மாதமா என்ற ஒரே எண்ணம்தான். அரசு வேலையில் இருப்பவள் நான். ரிஜிஸ்டரில் எழுதினால் அடுத்து அவருக்கு மெமோ வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சர்தார்ஜி இயந்திரத்துக்குள் எக்கி, சுவரோடு ஒட்டிக்கிடந்த ஊக்கைப் பிடுங்கி எடுத்தார். மதியம் வரை வெளியே காத்திருந்து, மறுபடி ஸ்கேன் அறை வாசலுக்குப் போனேன். அப்போதும் சங்கிலியின் கொக்கியைத் தொடுவதும் கையை எடுப்பதுமாக நின்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை. தன் வலது மணிக்கட்டைக் காட்டினார். வெயில் படாமல் வெளுத்த ஒரு வளையம் அதில் தெரிந்தது.

"என் கடா, எங்க இரும்பு வளையம், இங்க இருக்கும் பெஹன்ஜி. குரு குடுத்தது, கழட்டவே கூடாது. ஆனா தினமும் இந்தக் கதவுகிட்ட கழட்டி வெக்கறேன். இது என்ன மாதிரி எடம்னு அவருக்குத் தெரியாதா?"

மேசை இழுப்பறையைத் திறந்தார். ஒரு கைக்குட்டையில் அவருடைய இரும்பு வளையம் இருந்தது. நான் தாலியைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதன் பக்கத்தில் வைத்தேன். அவர் மூடிப் பூட்டிச் சாவியை வெளியே தொங்கவிட்டார்.

அந்தக் குழாய்க்குள் கிடந்த நேரம் முழுவதும் தடதடவென்று சத்தம், யாரோ தகர டப்பாவைச் சுத்தியலால் அடிப்பதுபோல. இரண்டு சத்தங்களுக்கு நடுவே ஒலிபெருக்கியில் அவர் குரல் வரும். "பெஹன்ஜி, டீக் ஹை? சரியா இருக்கீங்களா? இன்னும் அஞ்சே நிமிஷம்." பசியோடு உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அந்தக் குரலில் சலிப்பே இல்லை.

வெளியே வந்ததும் சர்தார்ஜி ஊக்குகளை எடுத்துவிட்டு, தாலியைக் கணவர் கையில் கொடுத்தார். வராந்தா நிறைய நோயாளிகள். நடுவில் என் கணவர், கக்கத்தில் ஹெல்மெட், இரண்டு கையாலும் என் பின்கழுத்தில் கொக்கியைத் துழாவி மாட்டுகிறார். பெஞ்சில் இருந்த ஒரு பஞ்சாபி அம்மாள் "பதாயி ஹோ!" என்று வாழ்த்தே சொல்லிவிட்டார். அழுதுகொண்டே சிரித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் மூன்று முறை பொய் சொன்னதையும் சர்தார்ஜி பழியை ஏற்றுக்கொண்டதையும் கணவரிடம் சொன்னேன். காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்ம ஆபீஸ்ல ஒருத்தன் செஞ்ச தப்ப ஒந்தலையில கட்டிட்டுப் போனா நீ சும்மா விடுவியா?" என்றார்.

ஐந்தாம் நாள் ரிப்போர்ட் வாங்கப் போனோம். நரம்பில் கட்டி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. நான்கு முறை படித்தேன். படித்து முடித்ததும் கணவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, டாக்டரம்மாவின் அறைக்குள் போனேன். முந்தின இரவே எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கொடுத்தேன். உலோகம் இல்லை என்று நான் பொய் சொன்னேன், ஊழியர் மூன்று முறை கேட்டார், தவறு முழுவதும் என்னுடையது என்று, நாங்கள் அலுவலகத்தில் எழுதும் விளக்கக் கடிதம் மாதிரியே கையெழுத்து, தேதியோடு எழுதியிருந்தேன்.

அவர் படித்தார். ரிஜிஸ்டரை எடுத்து, அந்த நாளின் பக்கத்தில் கடிதத்தை ஒட்டச் சொல்லி ஆளிடம் கொடுத்தார்.

"அவரு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்?" என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன்.

"சொல்லியிருந்தா அந்த நிமிஷமே உங்கள வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். அது அவருக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

அங்கிருந்து நேரே ஸ்கேன் அறைக்குப் போனேன். அன்று சர்தார்ஜிக்கு விடுமுறை. அடுத்த வாரம் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சப்பட்டு, காது எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார்.

பிறகு ஊறுகாயையும் அப்பளத்தையும் உப்பையும் குறைத்து, மாத்திரை சாப்பிட்டு, தலைசுற்றல் மெல்லக் கட்டுக்குள் வந்தது. இடது காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானது. ரிசீவரை வலது காதுக்கு மாற்றி, இடது கையால் எழுதப் பழகி, ஓய்வு பெறும்வரை அதே போர்டில் வேலை பார்த்தேன்.

இன்றைக்கும் எந்தப் படிவத்தில் 'ஆம், இல்லை' என்று கட்டம் பார்த்தாலும், நான் போடப்போகும் டிக்குக்கு முகம் தெரியாத யாரோ ஒருவர் தலைகுனிந்து நிற்க வேண்டி வருமோ என்று ஒரு கணம் யோசித்த பிறகுதான் பேனாவை வைக்கிறேன்.