பாட்டு முடியும் வரை

எங்கள் ரயிலில் பெட்டிக்கு ஒரு சங்கீதம். விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் கிளம்பி பெங்களூர் போகும் வண்டி. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு கேஜிஎஃப்பில் பாதிப் பேர் அதில்தான் வேலைக்குப் போய் வருகிறார்கள். கடைசிப் பெட்டியில் கைதட்டி ஸ்தோத்திரப் பாட்டு பாடுவார்கள். நடுப் பெட்டிகளில் பையன்கள் சீட்டுப் பலகையைத் தட்டி கானா கட்டுவார்கள். மேனேஜர், காதலி, வண்டி லேட்டானது என்று எதையும் விடமாட்டார்கள். சீட்டாடுகிற பெட்டியில் யாரோ ஒருவர் போனில் பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நிறுத்தினால் சண்டைக்கு வருவார்கள். முதல் பெட்டி பஜனைப் பெட்டி, நான் ஏறுவது அதில்.

பக்தியால் ஏறவில்லை. பிளாட்பாரத்தில் நான் நுழைகிற இடத்துக்கு அதுதான் பக்கம், அவ்வளவுதான். என் அப்பா திருச்சிப் பக்கமிருந்து இங்கே பெரிய இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில் எங்களுக்கெல்லாம் பாட்டு கிளாஸ் உண்டு. சரளி வரிசையில் ஆரம்பித்து கீர்த்தனை வரை கற்றேன். சங்கீதம் என்றால் தம்புரா, மேடை, முன்வரிசையில் தலையாட்டும் பெரிய மனிதர்கள் என்றுதான் என் மண்டையில் இருந்தது. பஜனைப் பெட்டியில் முதல் வாரம் நான் உட்கார்ந்திருந்த லட்சணத்தைப் பார்த்து எதிர் சீட்டுக்காரர் கேட்டே விட்டார்.

"இன்னா மேடம், பல்லு நோவு வந்த மாதிரி உக்காந்துனு கீறீங்க?"

அவர்தான் கஞ்சிராக்காரர். ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. காக்கிச் சட்டை, நெற்றியில் பட்டை, மடியில் டிபன் பை, இடது கையில் கஞ்சிரா. "சுருதி சேரலை" என்றேன் நான், மூக்கு விடைக்க. "வண்டி ஒரு சுருதில ஓடுது, நாங்க ஒரு சுருதில ஓடறோம். நீங்க வந்து சேத்துவுடுங்களேன்" என்றார். பெட்டி முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த மாதமே நான் பின்பாட்டு பாடிக்கொண்டிருந்தேன்.

இந்த ஊருக்குள் எந்தச் சங்கீதம் எந்த வழியாக வந்தது என்பதை அவரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெள்ளைக்காரர்கள் கிளப்பில் பியானோ வைத்து டான்ஸ் ஆடினார்கள். வெளியே நின்று கேட்ட நம் ஆட்கள் டிரம்பெட் கற்றுக்கொண்டு பேண்டு செட் ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் இன்றைக்கும் பேண்டு செட் வந்தாக வேண்டும். அதற்கும் முன்னால் வடாற்காட்டிலிருந்து சுரங்கத்துக்கு வந்தவர்கள் பம்பையையும் உடுக்கையையும் அம்மன் பாட்டையும் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். அவருடைய அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை நிற்க வைத்து இறக்கும்போது, புதிதாக வந்தவர்களுக்குக் குடல் நடுங்குமாம். அந்த நடுக்கத்துக்கு ஒரே மருந்து அம்மன் பாட்டுதானாம். "பக்தி கிக்தி இல்ல மேடம், பயம்" என்பார். அந்தப் பாட்டைத்தான் நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் பாடுவோம். நீளமான பாட்டு. ஏழு கன்னிமாருக்கும் ஆளுக்கு ஒரு சரணம்.

அந்தப் பாட்டில் கஞ்சிராக்காரருக்கு அருள் வரும். எப்போதும் இல்லை, ஆடி மாதத்தில் வரும். கண் செருகி, நாக்கு மடிந்து, உடம்பு ஒரு பக்கமாகச் சாயும். கஞ்சிரா மட்டும் நிற்காது, வேகம் பிடிக்கும். அந்த நேரத்துக்கு எங்கள் பெட்டியில் ஒரு கண்டிப்பான முறை உண்டு. பாட்டை நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இறங்கிய சாமிக்கு வழி தெரியாது, ஆளுக்குள்ளேயே நின்றுவிடும், அது ஆளுக்கு ஆகாது. கடைசிச் சரணம் வரை பாடி முடித்து, நெற்றியில் விபூதி பூசி, வலது கையில் எலுமிச்சம்பழம் கொடுத்தால்தான் சாமி மலையேறும். இதையெல்லாம் நடத்தி வைப்பவர் எங்கள் குருசாமி. வருஷம் தவறாமல் சபரிமலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர், பாட்டை எடுத்துக் கொடுப்பவரும் அவரே.

போன ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. பங்காருப்பேட்டை தாண்டியதும் குருசாமி அம்மன் பாட்டை எடுத்தார். இரண்டாவது சரணத்தில் தாளம் நின்றது. பாட்டு கற்றவளுக்குத் தாளம் நின்றால் படி தவறினாற்போல் இருக்கும். கஞ்சிராக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். கஞ்சிரா அவர் மடியில் கவிழ்ந்து கிடந்தது. வலது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

குருசாமியைப் பார்த்துக் கையால் சைகை காட்டினேன், தாளம் இல்லை என்று. குருசாமி கஞ்சிராக்காரரைப் பார்த்தார், குருசாமியின் முகம் மலர்ந்தது. "ஆத்தா வந்துட்டா! வுடாதீங்க, பாடுங்க!" என்று கத்தினார். பெட்டியே எழுந்து நின்று பாடியது. ஒரு அம்மாள் அவர் காலில் விழுந்து கும்பிட்டாள். நானும் பாடினேன். வாய் பாடிக்கொண்டிருந்ததே தவிர எனக்கு உள்ளே என்னவோ சரியில்லை. அருள் வந்தால் அவர் கண் செருகும், யாரையும் பார்க்க மாட்டார். அன்றைக்குக் கண் திறந்திருந்தது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது சரணம் முடிந்தது. குருசாமி விபூதி பூசினார். வலது கையில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். அது உருண்டு சீட்டுக்கு அடியில் போனது. எடுத்து மறுபடி வைத்தார், மறுபடி உருண்டது. அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, இது சாமி இல்லை!" என்று அலறினேன். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் ஓடினோம். யாரோ கார்டுக்குப் போன் செய்தார்கள். கானாப் பையன்கள் பக்கத்துப் பெட்டியிலிருந்து வந்து, மாலூரில் அவரைப் பெட்ஷீட்டில் தூக்கி இறக்கினார்கள். குருசாமியும் நானும் ஆம்புலன்ஸில் கூடவே கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தால் நல்லது என்றும் சொன்னார். குருசாமி சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கஞ்சிராக்காரர் உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சு போய்விட்டது. சொல்வதெல்லாம் புரிகிறது, பதில் சொல்லத்தான் வாயில் ஒரு வார்த்தை இல்லை. "ஆ... ஆ..." என்று முட்டிக்கொண்டு நிற்பார், கண்ணில் நீர் வழியும். பஜனைப் பெட்டியில் அதற்குப் பிறகு யாரும் பாடவில்லை. எல்லோர் காதிலும் இயர்போன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை குருசாமியும் நானும் கேஜிஎஃப்பிலேயே பாலகாட் என்கிற பகுதியில் இருக்கும் கஞ்சிராக்காரர் வீட்டுக்குப் போனோம். சுரங்கக் காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டின லைன் வீடு. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்ன பேசுவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குருசாமியால் எப்போதும் சும்மா இருக்க முடியாது, சங்கடம் வந்தால் முணுமுணுப்பார். அன்றும் தன்னை அறியாமல் அம்மன் பாட்டின் முதல் வரியை முணுமுணுத்தார்.

இரண்டாவது வரியைக் கட்டிலிலிருந்து அவர் பாடினார்.

வார்த்தை வார்த்தையாக, கொஞ்சம் குழறலோடு, ஆனால் முழுசாக. குருசாமி வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார், கட்டிலில் இருந்தவர் மட்டும் சரணத்துக்குப் போனார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "யாரு பாட்றது? யாருங்க அது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றாள். பாட்டு முடிந்தது. அவள் மெல்லப் போய் அவர் மோவாயைப் பிடித்தாள்.

"தண்ணி வேணுமா? சொல்லுங்க. தண்ணின்னு சொல்லுங்க."

"ஆ... ஆ..."

அவளுக்கு வந்த கோபத்தை நான் இதுவரை எந்த மனுஷியிடமும் பார்த்ததில்லை. "சாமிக்கு மட்டும் வாய் தொறக்குது. எனக்குத் தொறக்கல. இத்தினி வருசம் சோறு ஆக்கிப் போட்டவ நானு!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். தேற்றப் போன என் கையைத் தட்டிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் போய்க் கேட்டேன். இது நடப்பதுதான் என்றாள் அவள். பேச்சு மூளையின் ஒரு பக்கம், பாட்டுக்கு மறு பக்கமும் துணை, ஒரு பக்கம் கெட்டாலும் பாட்டு பிழைத்துவிடுவது உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கலாம் என்றாள். இத்தனை வருஷம் ராகம், தாளம் என்று பேசிக்கொண்டு திரிந்தவள் நான். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று திகைத்தேன். திரும்ப அவர் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"அப்ப தண்ணி கேக்கறத பாட்டா கட்டிக் குடுங்க மேடம்" என்றாள்.

கட்டினேன். என் புத்தி என்னை விடுமா? மோகனத்தில் அழகாக ஒன்று போட்டேன். அவர் கேட்டுவிட்டு, இழுத்த வாயோடு சிரித்தார். அவ்வளவுதான், வார்த்தை வரவில்லை. தியாகையர் வழியெல்லாம் வேண்டாம் என்று அம்மன் பாட்டின் பல்லவியிலேயே வைத்தேன். அவருடைய இடது கையைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டு. "தண்ணி... வேணும்..." முதல் ஞாயிறு காற்றுதான் வந்தது. பிறகு "தண்" வந்தது. ஒரு நாள் முழுசாக வந்தது. அவர் மனைவி தண்ணீரை ஊற்றிக் கொண்டுவருவதற்குள் பாதியைக் கீழே சிந்திவிட்டாள்.

பிறகு வரிசையாக வந்தது. "சோறு போதும்." "கால் வலிக்குது." "வெளிய போவணும்." எல்லாம் ஒரே மெட்டு. கடைசியில் அவள் வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்று கேட்டாள். அவர் அவளைக் கூப்பிடுவது "இந்தாமே" என்றுதானாம், அதையும் சேர்த்துக் கட்ட முடியுமா என்று. கட்டினோம். அவர் அதைப் பாடின அன்று, "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னாள். நான் வாசலுக்குப் போய் நின்று அழுதேன்.

பயிற்சி கொடுக்கும் பெண் அடுத்த படியைச் சொன்னாள். நாங்கள் கட்டிக் கொடுப்பதையே பாடிக்கொண்டிருந்தால் போதாது, அவரே சொந்தமாக ஒன்று சொல்ல வேண்டும், அது வந்துவிட்டால் பேச்சு வரும் என்று நம்பலாம் என்றாள். அந்த ஒன்றுக்காகத் தை, மாசி என்று காத்திருந்தோம். அவர் மனைவி தினமும் கேட்பாள், "இன்னா வேணும்? உங்க மனசுல கீறத சொல்லுங்க." அவர் கட்டில் சட்டத்தைத் தட்டுவார், உதடு அசையும், பழைய வரிதான் வரும்.

போன மாதம் ஒரு ஞாயிறு. குருசாமி வரவில்லை, நான் மட்டும் போயிருந்தேன். அவர் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே, வழக்கம்போல, "மேடம் வந்துகீறாங்க. எதனா கேளுங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். இடது கை சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தது. அதே பல்லவி, அதே மெட்டு.

"ஏன்... பாட்ட... நிறுத்தல..."

அவர் மனைவி கத்தியைப் போட்டுவிட்டுக் கைதட்டினாள். "சொந்தமா வந்துச்சு! மேடம், சொந்தமா வந்துச்சு பாருங்க!" என்று துள்ளினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எந்தப் பாட்டு? இன்னா கேக்கறாரு?" என்றாள்.

ஆக, அன்றைக்கு எல்லாமே அவர் காதில் விழுந்திருக்கிறது. ஏழு சரணமும்.

"சாமின்னு நெனச்சோம், அண்ணா" என்றேன்.

அவர் புரிந்ததாகத் தலையாட்டினார். பிறகு சட்டத்தைத் தட்டி, மறுபடியும் அதையே பாடினார்.