வெயிலில் இரண்டு நாற்காலிகள்

டில்லிக் குளிருக்குப் பயந்து, பணி ஓய்வுக்குப் பிறகு நானும் என் கணவரும் மூன்று மாதத்துக்கு மணமேல்குடிக் கடற்கரையில் வீடெடுத்தோம். அலையே எழாத கடல். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்களால் முடியவில்லை. காலை பத்து மணிக்கு அவர் இரண்டு நாற்காலிகளை வாசல் வெயிலில் போடுவார். டில்லியில் குளிர்காலம் முழுக்க எல்லோரும் செய்வதுதான். இங்கே ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். எழுந்து நடப்போம், மறுபடி வந்து உட்காருவோம்.

மீன் விற்க வந்த அம்மா ஒருநாள் நின்று பார்த்தார்.

"நெழல் இங்கிட்டு இருக்கு. நீங்க எதுக்குங்க வெயில்ல காயுறீங்க?"

என் கணவர் அசடு வழிந்தபடி நாற்காலிகளை வேப்பமரத்தடிக்கு இழுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. குளிர் வேண்டாமென்று ஓடிவந்த மனிதருக்கு இதென்ன பழக்கம்?

மறுநாள் அவர் குளித்துவிட்டு வருவதற்குள், நாற்காலிகளை வெயிலுக்கு இழுத்துப் போட்டவள் நான்தான்.