மண்டோர் வாலாட்டிய குரல்

நாங்கள் தோட்டத் தொழிலாளர் லயத்தை விட்டுப் புக்கிட் பெருந்துங்கில் வீடு வாங்கிக் குடிவந்த பிறகும் தோட்டத்தில் விரட்டி வேலை வாங்கும் மண்டோரும் உட்கார்ந்து கணக்கெழுதும் கிராணியும் எங்களை விட்டபாடில்லை என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். மண்டோர் என்பது நாய். வீட்டில் யார் எங்கே நகர்ந்தாலும் பின்னாலேயே போய்க் குரைத்து வேலை வாங்கும். கிராணி பூனை. மேசைமேல் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்குமே தவிர ஒரு துரும்பையும் நகர்த்தாது. இரண்டையும் கொண்டுவந்து சேர்த்துப் பெயரும் வைத்தவர் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. எங்களோடுதான் இருந்தார்.

அத்தைக்குக் குரல் கொடுப்பதுதான் வேலை. தினமும் ராசா நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறிக் கோலாலம்பூர் போவார். அங்கே ஒரு ஸ்டுடியோவில் கார்ட்டூன் அணிலுக்கும், கிழட்டுச் சூனியக்காரிக்கும், அவ்வப்போது பேரங்காடியில் கோழி விலை குறைந்திருப்பதை அறிவிக்கும் பெண்மணிக்கும் தமிழில் பேசிவிட்டு வருவார். காலையில் பல் துலக்கியதும் குளியலறைக்குள் கொசு மாதிரி ரீங்காரம் இடுவார். ஐஸ் போட்ட எதையும் தொடமாட்டார். பள்ளியில் நான், தொலைக்காட்சியில் வரும் அணில் எங்கள் வீட்டில்தான் தோசை சாப்பிடுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி கூட நம்பவில்லை.

வேலை இல்லாத நேரத்தில் கைப்பொம்மை செய்வார். அப்பாவின் பழைய காலுறை, முட்டை அட்டை, சட்டைப் பொத்தான், நைலான் கயிறு என்று அம்மா குப்பையில் போட்டதெல்லாம் இரண்டு நாளில் கண்ணும் மூக்கும் வைத்துத் திரும்பி வரும். கூடத்துக் கண்ணாடி அலமாரி முழுக்க அவைதான். கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை வைக்க வாங்கிய அலமாரி அது. தட்டுகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தன. அம்மாவுக்கு அந்த வருத்தம் உண்டு. நாய் முடி, பூனை முடி, பஞ்சு, பசை என்று வேறு பல வருத்தங்களும் உண்டு.

ஆனால் உண்மையான சண்டை ஒரே ஒரு முறைதான் வந்தது. ஒரு தீபாவளிக்கு வீடு நிறைய உறவினர் இருந்தபோது அத்தை புதிதாக ஒரு பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு வந்தார். சுருட்டை முடி, நெற்றியில் பெரிய பொட்டு, கையில் குச்சியால் செய்த துடைப்பம். அது வாயைத் திறந்து மண்டோரை விரட்டியது. அச்சு அசல் அம்மாவின் குரல். கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய, தெருக்கோடி வரை கேட்கிற குரல். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும்தான். அம்மா மட்டும் சமையலறைக்குள் போய்விட்டார்.

உறவினர்கள் போன பிறகு அம்மா அத்தையிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "என் குரலு ஒன்னும் உன் ஸ்டுடியோ சாமான் இல்ல. இன்னொரு தடவ எடுத்தின்னா, அந்தப் பொம்ம எல்லாம் சாக்கடைக்குத்தான் போவும்." அத்தை மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அம்மாவின் குரலை அவர் எடுத்ததே இல்லை.

நான் ஆரம்பப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது அம்மா நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஜொகூருக்குப் போனார். தொழிற்சாலையிலிருந்து ஏதோ கோர்ஸுக்கு அனுப்புகிறார்கள், ஒரு மாதம் ஆகும் என்று அப்பா சொன்னார். அப்பாவுக்கு லோரி ஓட்ட வரும், பொய் சொல்ல வராது. சொல்லும்போது சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார். அந்த வயதில் நான் அதைக் கவனிக்கவில்லை. உண்மையில் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி, அறுவைச் சிகிச்சை. அதே ஆண்டில்தான் என் வகுப்புத் தோழியின் தாயார் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி என்ற சொல் காதில் விழுந்தாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். அதனால் பெரியவர்கள் கூடிப் பேசி எனக்காக ஒரு ஜொகூரைக் கண்டுபிடித்தார்கள்.

நான்கு நாட்கள் அம்மாவிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஐந்தாம் நாள் மாலை ஏழு மணிக்கு அப்பாவின் கைப்பேசி ஒலித்தது. அப்பா அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டார். அம்மாதான். சாப்பிட்டாயா, பள்ளிச் சீருடையை ஊற வைத்தாயா என்ற வழக்கமான விசாரணை. அதன்பிறகு தினமும் ஏழு மணிக்கு அழைப்பு வந்தது. அத்தைக்கு அந்த வாரத்திலிருந்து வேலை அதிகமாகி எட்டரைக்குத்தான் வீடு திரும்பினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. அம்மா யோசித்துப் பேசுகிறவர் அல்லர். நாம் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லித் திட்டவும் தொடங்கிவிடுவார். தொலைபேசி அம்மாவோ ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகுதான் பதில் வந்தது. எனக்குச் சந்தேகம் வந்து ஒருநாள் சோதித்தேன். அரிசி வாளிக்குள் நாம் இரண்டு பேரும் என்ன ஒளித்து வைத்திருக்கிறோம் என்று கேட்டேன். வழக்கத்தைவிட நீளமான மௌனம். பிறகு, "சாக்லேட் டப்பா. அப்பா பக்கத்துல இருக்காராடி?" என்றது குரல். இனிப்பு நீர் நோய் உள்ள அப்பா நிமிர்ந்து பார்த்தார். அன்றோடு அந்த டப்பா காலி. எனக்கும் அம்மாவுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம் என்பதால் சந்தேகம் தீர்ந்து இரண்டு நாள் நிம்மதியாக இருந்தேன்.

அதைக் கெடுத்தது மண்டோர். அம்மாவின் குரல் கேட்டால் அது எப்போதும் செருப்பு அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அத்தையின் குரல் கேட்டால் வாலோடு சேர்ந்து உடம்பும் ஆடும். ஏழு மணி அழைப்பு வந்தபோதெல்லாம் அது மேசையடிக்கு ஓடிவந்து வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அதுவும் அம்மாவுக்காக ஏங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒருநாள், "ம்மா, மண்டோரு என் ஸ்கூல் சப்பாத்தக் கடிச்சிட்டான். நல்லா திட்டும்மா," என்றேன். சற்றுக் கழித்து அம்மாவின் முழுக் குரலில் வசவு வந்தது. தெருவே கேட்டிருக்கும். மண்டோர் முன்னங்கால் இரண்டையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு கைப்பேசியை நக்கியது.

"இது அம்மா இல்ல. அத்தை," என்றேன். அப்பா நாட்காட்டியைப் பார்த்தார்.

எட்டு வயதில் எனக்கென்று ஒரு நியாயம் இருந்தது. அம்மா எங்கே என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவின் குரல் அத்தையிடம் இருக்கிறது. குரலை எடுக்காதே என்று அம்மா சொல்லியும் எடுத்திருக்கிறார். எடுத்தால் என்ன தண்டனை என்பதையும் அம்மாவே சொல்லி வைத்திருக்கிறார். கண்ணாடி அலமாரியைத் திறந்து இருந்த பொம்மைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் வீட்டுக்கு முன்னால் ஓடிய சாக்கடையில் போட்டேன். அப்போது நல்ல மழை. கிராணி மட்டும் சன்னலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தை வீட்டுக்குள் வந்தபோது தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். குடைக் காம்பால் மீட்டது ஏழோ எட்டோ. மூன்று வெள்ளத்தோடு போய்விட்டன. அம்மா பொம்மை கம்பி வலையில் சிக்கி ஒரு கண்ணை இழந்திருந்தது. அத்தை என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டு கத்தினேன்.

"அம்மா குரல எங்க வச்சிருக்கீங்க? குடுங்க!"

அத்தை பொம்மைகளைத் தரையில் வைத்தார். அப்பாவிடம்தான் பேசினார். "அண்ணே, நாளைக்கு இவளக் கூட்டிட்டுப் போறேன்."

"வேணாம்லா. பாத்தா பயந்துடுவா."

"இப்ப மட்டும் பயப்படாமயா இருக்கா?"

மறுநாள் சனிக்கிழமை. கொமுட்டரில் ராசாவைத் தாண்டி ஒரே ஒரு நிலையம். கோலா குபு பாருவில் பெரியம்மா வீடு. என் ஜொகூர் அங்கேதான் இருந்தது. அத்தை தினமும் வேலை முடிந்து வரும்போது எங்கள் நிலையத்தில் இறங்காமல் அங்கே போய், அம்மாவோடு உட்கார்ந்து பேசிவிட்டு, எதிர்ப்பக்கம் வரும் ரயிலுக்குக் காத்திருந்து வீடு திரும்பியிருக்கிறார். அதை அத்தை ரயிலில் என்னிடம் சொல்லவில்லை. ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். கோபத்தில் பாதிதான் தின்றேன்.

அம்மா காற்றாடிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். மறுபடியும் காற்றுதான். நான் போய் ஒளிந்துகொண்டது அத்தையின் முதுகுக்குப் பின்னால்.

அம்மாவின் மடியில் என் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் வேகமாக எழுதி அத்தை பக்கம் திருப்பினார். அத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புத்தகத்தை விட்டுவிட்டு அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டு அம்மாவின் குரலில் பேசினார்.

"ஏன்டி தலைய இப்படிக் காக்கா கூடு மாரி வச்சிக்கிட்டு வந்திருக்க? உங்கப்பா சீவி விடலியா?"

நான் முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். அம்மாவின் உதடுகள் அசைந்தன. குரல் அவற்றோடு தொடங்கி, அவற்றோடு முடிந்தது. கார்ட்டூன் அணிலுக்கு அத்தை செய்கிற அதே வேலைதான். தொலைபேசியில் வந்த மௌனம் எல்லாம் அம்மா எழுதிய நேரம் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சாக்லேட் டப்பா முதல் சப்பாத்து வசவு வரை அம்மா சொல்லாதது ஒன்று கூட இல்லை. ஓடிப்போய் அம்மாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அப்பா இரவே செய்தி அனுப்பியிருந்தார் போலும், அழுது முடித்ததும் அம்மா எழுதினார். அத்தை மெதுவாக, "பொம்மைய எதுக்கும்மா தூக்கிப் போட்ட?" என்றார். அம்மா பேனாவால் புத்தகத்தைத் தட்டினார்.

"அண்ணி, அவ்ளோ வேணாம். சின்னப் பிள்ளதான," என்றார் அத்தை தன் குரலில். அம்மா எழுதியதன் கீழே இரண்டு கோடு போட்டார். வேறு வழியில்லாமல் அத்தை நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, தன்னுடைய பொம்மைகளுக்காகத் தன் அண்ணியின் குரலில் என்னைத் திட்டினார். எருமை, குரங்கு, உதவாக்கரை, ஒன்றும் மிச்சமில்லை. சமையலறையிலிருந்து பெரியம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "வந்துருச்சா? குரலு வந்துருச்சா?"

முதலில் அம்மாதான் சிரித்தார், சத்தமே இல்லாமல் தோள் குலுங்க. பிறகு நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு வரி எழுதினார். எழுதி அத்தையிடம் காட்டினார். அத்தை அதைப் பார்த்தார். அம்மாவின் உதடு அசையவில்லை. அத்தையும் அதை வாய்விட்டு வாசிக்கவில்லை. வெளியே குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நான் என்னவென்று பார்க்கப் போவதற்குள் அம்மா புத்தகத்தை மூடிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அம்மாவுக்குக் குரல் வந்தது. ஆனால் பழைய குரல் இல்லை. கரகரத்து, பாதி வழியில் உடைகிற குரல். தெருக்கோடிக்கு அது எட்டாது. மண்டோர் அதற்குப் பயப்படவே இல்லை. அம்மா பொம்மைக்கு அம்மாவே புதுக் கண் வைத்துத் தைத்தார். பீங்கான் தட்டுகள் இன்னமும் கட்டிலுக்கு அடியில்தான்.

இப்போது நான் ரவாங்கில் வேலை செய்கிறேன், அங்கேயே குடித்தனம். அத்தைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் அதே ரயிலில் போய்வருகிறார். வீட்டில் இருப்பது மூன்றாவது மண்டோர். என் பிறந்தநாளன்று மாலை ஏழு மணிக்கு அழைப்பு வரும். எடுத்தால் அம்மாவின் பழைய குரல், தலை சீவினாயா என்று கேட்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா கரகரவென்று, இன்னும் சத்தமாத் திட்டு, நான் அப்படித்தான் திட்டுவேன் என்று சொல்லிக் கொடுப்பதும் கேட்கும். என் அம்மாவின் அந்தக் குரல் இந்த உலகத்தில் இன்றைக்கு அத்தையின் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது. பெற்றவளின் குரலை எனக்காகப் பத்திரமாக வைத்திருக்கும் ஒருவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய காலுறைகளை எல்லாம் துவைத்துச் சேர்த்துவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

போன தீபாவளிக்கு அலமாரியைச் சுத்தம் செய்தபோது பொம்மைகளுக்குப் பின்னால் அந்தப் பயிற்சிப் புத்தகம் கிடைத்தது. என் வாய்ப்பாட்டுக்குப் பின்பக்கம் முழுக்க அம்மாவின் கிறுக்கல். சாக்லேட் டப்பா இருந்தது. காக்கா கூடு இருந்தது. இரண்டு கோடு போட்ட வசவு இருந்தது. அதற்குக் கீழே, அத்தை வாசிக்காமல் விட்ட வரி.

"எனக்குக் குரல் வராமயே போயிட்டா, இத நீயே வச்சிரு. பிள்ளைக்கு வேணும்."

அன்று பெரியம்மா வீட்டிலிருந்து திரும்பியதும் நான் அப்பாவிடம் ஓடிப்போய் முதலில் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. அத்தை ஸ்டுடியோவில் எதைக் கொடுத்தாலும் பார்த்தவுடனே படித்துவிடுவாராம், ஆனால் அம்மாவின் கையெழுத்து ஒரு வரி அவருக்குப் படிக்கவே வரவில்லை என்று சொல்லிக் கைகொட்டிச் சிரித்தேன்.