குடிபூரலுக்கு வந்த இத்தாலி விளக்கு

என் கணவருக்கு வெளிச்சம் என்றால் கூரையிலிருந்து வர வேண்டும், வெள்ளையாக வர வேண்டும், சோற்றுக்குள் கிடக்கும் கல்லைக் காட்ட வேண்டும். டேனிஷ் ஊரான விபோர்க்கில் எங்கள் பழைய வீட்டில் அப்படித்தான் இருந்தது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில், முதியோர் இல்லத்தில் வேலை முடித்து வீடு வந்தால், அந்த வெளிச்சத்தில் நாங்கள் எல்லோரும் இன்னொரு முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள் மாதிரியே தெரிவோம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைக்குப் போய் மேசை விளக்கு வாங்கத் தொடங்கினேன். சும்மா விளக்கு இல்லை, இத்தாலி விளக்கு. பித்தளைத் தண்டு, அதன் மேல் வாயால் ஊதிச் செய்த கண்ணாடிக் குடை. டேனிஷ்காரர் இறந்துபோன பெற்றோரின் வீட்டை ஒதுக்கும்போது இவற்றைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். கடைசியாக வாங்கிய விளக்கின் கண்ணாடியில் வெள்ளையும் இளஞ்சிவப்பும் சுழன்று சுழன்று ஏறும், கலக்குவதற்கு முந்திய ரோஸ் பால் மாதிரி. அதைப் போட்டால் மகளின் கன்னம் சிவக்கும், வாடிய கறிவேப்பிலைக்கும் ஒரு களை வரும். என் கணவரே அதில் மாப்பிள்ளை மாதிரித் தெரிவார். இதை அவரிடமும் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

ஸ்கீவவில் வீடு வாங்கியதும் தீர்ப்பு வந்தது. "புது வீட்டுக்குள்ள உந்தப் பழசுகள் ஒண்டும் வராது. ஆரின்ரையோ செத்தவீட்டுச் சாமான். விளங்குதோ?"

"ஓம்" என்றேன். மற்ற விளக்குகளை வேலையிடத்துத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டேன். ரோஸ் பாலைக் கொடுக்க மட்டும் கை வரவில்லை. அது இல்லாத வீட்டை நினைத்தாலே அழுகை வந்தது. பழைய நூல் சேலை ஒன்றை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியில் எங்கள் குத்துவிளக்கையும் மறுபாதியில் அதையும் சுற்றினேன். குத்துவிளக்குச் சமையலறை அலுமாரியில் இருந்தது. மற்றதைக் காரின் பின்பக்கம் ஒளித்து வைத்தேன். புது வீட்டில் பால் காய்ச்சிப் புக்கை பொங்கிக் குடிபூரல் முடிந்து, அவர் சாப்பிட்டு மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்து உள்ளே கடத்தலாம் என்பது என் திட்டம்.

குடிபூரலன்று வெளிக்கிடும்போது, "விளக்கு ஏத்தியாச்சோ?" என்று மாடிப்படியில் நின்று கேட்டேன். அவர் காரைத் திறந்து, சேலைச் சுற்றைக் கண்டு, விரலால் தட்டிப் பார்த்து, பித்தளைச் சத்தம் கேட்டு, "ஓம், ஏத்தியாச்சு" என்றார்.

எங்கள் குடிபூரலில், வீட்டுக்காரி ஏற்றிய விளக்கோடு வலது கால் வைத்து முதலில் நுழைய வேண்டும். அதற்கு முன் யாரும் வாசல் தாண்டக் கூடாது. கோல்டிங்கிலிருந்து வந்திருந்த மச்சாள், அதாவது அவருடைய அக்கா, திரியும் எண்ணெயுமாகப் படியில் காவல் நின்றார். என் கணவர் பயபக்தியோடு சேலையை விரித்தார். ரோஸ் பால் எட்டிப் பார்த்தது.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடுப்புக்குப் போக வேண்டிய பால் அங்கேயே திரைந்திருக்கும்.

"இதென்ன தம்பி?" என்றார் மச்சாள்.

"விளக்கு" என்றேன் நான். வேறு என்னத்தைச் சொல்ல?

நல்ல நேரம் முடியக் கால் மணித்தியாலம்தான் இருந்தது. குத்துவிளக்கோ விபோர்க்கில், அலுமாரிக்குள். மச்சாள் நேரத்தைப் பார்த்தார், விளக்கைத் தூக்கிப் பார்த்தார். "பித்தளைதானே?"

"தனிப் பித்தளை மச்சாள்."

"அப்ப கொழுவுங்கோவன்."

பிளக்கை எங்கே கொழுவுவது? மின்சாரம் வீட்டுக்குள், விளக்கு இல்லாமல் உள்ளே போக முடியாது. அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கம் அயல்வீட்டு டேனிஷ்காரர் மின்கத்தரியால் பூவரசு அளவு உயர்ந்த செடிவேலியை வெட்டிக்கொண்டிருந்ததைக் கண்டோம். மகள் ஓடிப்போய் டேனிஷில் ஏதோ சொன்னாள். மனிதர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கத்தரியைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் நீளச் செம்மஞ்சள் வயரை வேலிக்கு மேலால் எறிந்தார்.

விளக்கு பட்டப்பகலில் எரிந்தது. மச்சாள் அதன் இடுப்பில் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் அதை ஏந்தி வலது காலைத் தூக்கினேன். பின்னால் மகள் கலியாணத் தோழி மாதிரி வயரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரியாதை பிள்ளை" என்ற மச்சாளுக்கே வயிறு குலுங்கியது. வாசற்படியில் வயர் சிக்கி நான் தடுமாற, பால் செம்போடு நின்ற என் கணவர் பாய்ந்து வந்து குனிந்து அதை எடுத்துவிட்டார். "மெள்ள, மெள்ள. கண்ணாடி கவனம்" என்றார். எதைக் காப்பாற்றச் சொன்னார் என்பதை அவரே உணர்ந்திருப்பாரோ தெரியாது.

ஏற்றிய விளக்கை நூர்க்கக் கூடாது என்று மச்சாள் சொல்லிவிட்டார். குத்துவிளக்கு வந்து சேரும்வரை அது அயல்வீட்டு மின்சாரத்திலேயே எரிந்தது. அதுவரை அந்த மனிதருக்கும் வேலை ஓடவில்லை. பாதி வெட்டிய வேலியை விட்டுவிட்டு வந்து, எங்களோடு இருந்து இரண்டு முறை புக்கை வாங்கிச் சாப்பிட்டார்.

போகும்போது மச்சாள் தம்பிக்குச் சொன்னார். "முதல் வந்த விளக்கு. இனி அது இந்த வீட்டை விட்டுப் போகாது. ஒற்றையா வைக்கிறதும் சரியில்லை, சோடி தேடு."

அடுத்த ஞாயிறு நான் எழும்ப முன்னமே என் கணவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சந்தையில் மேசை மேசையாகப் போய்ப் பித்தளையை விரலால் தட்டித் தட்டி, "இது இத்தாலியோ?" என்று டேனிஷில் விசாரித்தார். ஓரிடத்தில் கடைக்காரி ஒன்றைக் கொழுவிக் காட்டினாள். எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள். அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

"இதையே எடுப்பம்" என்றார். "இதிலயும் நீர் வடிவாத்தான் இருக்கிறீர்."